பிரேக் மிஸ் கார் வாங்கிய கதை

டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவளை பிரேக் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைச் சூட்டிய ஆள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டான். பட்டம் மட்டும் நின்றுவிட்டது. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவளுடைய வலது கால் இருபது வருடமாக அதன் மேல்தான் குடியிருந்தது. மாணவர் கையை வைத்த விதத்தைப் பார்த்தே அடுத்து எங்கே இடிக்கப் போகிறார் என்று காலுக்குத் தெரிந்துவிடும். மூளைக்குச் செய்தி போவதற்குள் கால் மிதித்திருக்கும்.

அந்தக் காலுக்கு வீட்டிலும் ஓய்வு கிடையாது. டிவியில் ஒரு லாரி குறுக்கே வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பாள். கடையில் யாராவது தள்ளுவண்டியை அவசரமாகத் திருப்பினாலும் மிதிப்பாள். கணவர் ஓட்டும்போது சொல்லவே வேண்டாம். "போற போக்கைப் பார்த்தா கார்ல ஓட்டை போட்டுடுவே போலிருக்கே" என்பார் அவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் தானாக ஓட்டியது ரொம்பவும் குறைவு. ஸ்கூல் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் நடந்தே போய்வந்தாள். குடும்பமாகப் போகும்போது கணவர்தான் ஓட்டுவார். வேறு யாராவது ஓட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் ஓட்டி, அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தார். அதோடு அந்தப் பேச்சை இருவரும் விட்டுவிட்டார்கள்.

பிறகு ஸ்கூலை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். புதிதாகக் கட்டிய லைசென்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில், சுற்றுச்சாலையின் மறுகோடியில் இடம். இரண்டு பஸ் மாறி, லாரிகள் நிற்கும் பொட்டல் ஓரமாக நடந்து போய்ச் சேருவதற்குள் பாதி ஜீவன் போய்விடும். சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு சாயங்காலம் நனைந்த செருப்போடு உள்ளே வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்: "எனக்கு ஒரு கார் வேணும்."

கணவர் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இன்ஸ்பெக்டர். எந்தக் கம்பிவடமும் அறுந்துவிடும் என்று சந்தேகப்படுவதுதான் அவருக்குத் தொழில். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். அவர் ஒரு வாரத்துக்குள் ஒரு காரைக் கண்டுபிடித்துவிட்டார். கூட வேலை பார்ப்பவரின் மைத்துனி வைத்திருந்த சின்ன வெள்ளைக் கார். கியர் போடத் தேவையில்லாதது, அதிகம் ஓடாதது, சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாதது. அவள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்கு."

அந்தத் 'தான்' அவருக்குப் பிடிக்கவில்லை. "என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ஃப்ரிட்ஜுக்குள்ள உட்கார்ந்து போற மாதிரி இருக்கு."

"ஃப்ரிட்ஜ் என்ன மோசமான பொருளா? பன்னிரண்டு வருஷமா நம்ம வீட்டுல சத்தம் போடாம ஓடுதே!"

 யோசித்துச் சொல்கிறேன் என்று அந்த மைத்துனிக்குத் தகவல் போனது.

அந்த யோசனை நடந்துகொண்டிருந்த வாரத்தில்தான், படிக்கிற கண்ணாடியின் மூக்குப்பிடி ஆடுகிறதே என்று கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடை வாசலில் கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் நின்றது. இரண்டே கதவு. தரையோடு தரையாகப் பதுங்கி, பாயப் போவதுபோல ஒரு நிலை. முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தது. அவள் அதை ஒருமுறை சுற்றி வந்தாள். கடைக்கதவில் கை வைத்தவள், திரும்பிப் போய் இன்னொரு முறை சுற்றினாள்.

உள்ளே போனதும் கல்லாவில் இருந்த ஆள் துள்ளி எழுந்தார். "மிஸ்!"

பழைய மாணவர். டெஸ்டில் மூன்று முறை தோற்றவர். திரும்புவதற்கு முன் பின்னால் வருவதைப் பார்க்கவே மாட்டார். "கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று இவள் கத்தினால், மூக்கின் மேல் இருக்கிற கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது அதே கண்ணாடியை விற்றுப் பிழைக்கிறார்.

"வெளியில நிக்கிற வண்டி யாரோடது?" என்று கேட்டாள்.

"என்னோடதுதான் மிஸ். பதினாலு வயசு வண்டி. டர்போ. ஆறு கியர்."

"உங்களோடதா?" அவள் நம்பாமல் பார்த்தாள்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே மிஸ்!" என்று அவர் நெளிந்தார். "எனக்கு இரட்டைப் பிள்ளை பொறந்திருக்கு. பின் சீட்டுல குழந்தை இருக்கை ஒண்ணு மாட்டறதுக்குள்ளேயே முதுகு பிடிச்சுக்குது. வண்டியா நாங்களான்னு கேட்டுட்டா என் மனைவி."

"சாவியைக் குடுங்க. ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

மூக்குப்பிடி ஆடிய கண்ணாடி கல்லாவிலேயே கிடந்தது. அவர் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கிளட்ச் கனமாக இருந்தது. ஊருக்குள் இருக்கும்வரை வண்டி முனகிக்கொண்டே வந்தது. சுற்றுச்சாலையில் ஏறி மூன்றாவது கியரில் அழுத்தியதும் ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல இருக்கை அவளை முன்னே கொண்டுபோனது. 

"மிஸ்... அங்க லாரி..."

"பார்த்துட்டேன்."

"இந்தப் பக்கம் ஒரு பைக்..."

"அதையும் பார்த்துட்டேன் தம்பி."

ஓரக்கண்ணால் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரர் கதவின் பிடியை இறுக்கிக்கொண்டு, இல்லாத பிரேக்கைத் தரையில் தேடித்தேடி மிதித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபிறகும் அடங்கவில்லை. 

வீட்டில் சொன்னாள். கல்லூரிக்குப் போகும் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதினாலு வயசா? அப்ப எனக்குத் தம்பி பொறந்திருக்கான்னு சொல்லு" என்றாள். கணவர் சிரிக்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஏர்பேக் வேலை செய்கிறதா, உதிரி பாகம் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கேட்கவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

"நீயா இப்படி?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அது இன்னும் உறுத்தியது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது வேண்டாம் என்று தோன்றும். பஸ்ஸில் ஏறியதும் வேண்டும் என்று தோன்றும். லாரிப் பொட்டலைத் தாண்டும்போது இரண்டும் சேர்ந்து தோன்றும். கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டு, "எனக்குச் சரிப்படாது தம்பி, வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள். மதியச் சாப்பாடு முடிவதற்குள் மறுபடி போன் செய்தாள். "யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தர் வந்தார் மிஸ். பானட்டைத் திறக்கறது எப்படின்னே தெரியல. போயிட்டார்."

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. ஏன் அப்பாடா என்று இருக்கவேண்டும் என்று எரிச்சலும் வந்தது.

இந்த அலைச்சல் வேலையிலும் புகுந்தது. ஒரு நாள் வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி ஒருத்தர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்பம் முடிந்தும் ஸ்டீயரிங்கை நேராக்கவில்லை. நடைபாதை கிட்டே வந்துவிட்டது. பிரேக் மிஸ்ஸின் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது, ஆனால் மிதிக்கவில்லை. மனசு சுற்றுச்சாலையில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தது. முன்சக்கரம் நடைபாதையில் ஏறி, வண்டி ஒரு குப்பைத்தொட்டியை முட்டிச் சாய்த்துவிட்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"மிஸ், தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி, பயந்துபோய்.

அவள் இறங்கிக் குப்பைத்தொட்டியை நிமிர்த்தி வைத்தாள். காதெல்லாம் சூடாக இருந்தது. இனி இழுத்துக்கொண்டே போகக்கூடாது, இந்த வாரத்தோடு முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

ஸ்கூல் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனாள். அவர் அதைத் தூக்கி நிறுத்தி, டார்ச் லைட்டோடு அடியில் நுழைந்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எஞ்சின் நல்ல எஞ்சின். டர்போவில் எண்ணெய் கசிகிறது. பின்சக்கரங்களைத் தாங்கும் இடத்தில் ரப்பர் எல்லாம் செத்துவிட்டது. அடியில் துரு பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. ஏதாவது போனால் சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

"எதுக்கு வாங்கறீங்க மிஸ்? தினமும் வேலைக்குப் போறதுக்கா?"

"ஆமா அண்ணே."

"அப்ப வேண்டாம்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டறதுக்குன்னா?"

"அதுக்குன்னா தாராளமா வாங்கலாம்."

"எனக்கு ஞாயித்துக்கிழமைதான் அண்ணே வேலையே அதிகம். கத்துக்க வர்றவங்களுக்கு அன்னிக்குத்தானே லீவு."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் என்னத்தைச் சொல்றது!"

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். "ஒரு வாரம் நீங்களே வச்சு ஓட்டிப் பாருங்க மிஸ். இது இங்க நின்னுட்டிருந்தா என் மனைவி முறைக்கிறா."

முதல் காலை, விடிந்து வெயில் வருவதற்கு முன்பே கிளம்பினாள். சாலை காலியாக இருந்தது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. பயந்த மூச்சு இல்லை, "சாரி மிஸ்" இல்லை. ஸ்கூல் வாசலைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். மறுநாள் வழியில் ஒரு டேங்கர் கவிழ்ந்து, வண்டிகள் நத்தையாய் நகர்ந்தன. கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் வெடவெடத்தது. சூட்டைக் காட்டும் முள் மேலே ஏற ஏற, அதிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அன்று வண்டியைவிட்டு இறங்கும்போது நொண்டினாள். அதற்கடுத்த நாள் ஸ்கூல் முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார்.

"அது உங்க வண்டியா மிஸ்?"

"இன்னும் இல்ல சார்."

"வாசல்ல நிறுத்தாதீங்க. நிதானமா ஓட்டக் கத்துக்கட்டும்னு பிள்ளைங்களை அனுப்புறாங்க. வாத்தியார் இதுல வந்து இறங்கினா பெத்தவங்க என்ன நினைப்பாங்க?"

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. வண்டியைக் கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அதன்பிறகு வகுப்புக்கு நடுவில் நாலைந்து தடவை பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

வார முடிவில் கணவர், "நானும் ஒரு தடவை வந்து பார்க்கிறேன்" என்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மடித்து வைத்துக்கொண்டு ஏறினார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஏரியைச் சுற்றிப் போகும் வளைவுச் சாலையில் ஓட்டினாள். வேகமாகப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி கயிறு பிடித்ததுபோலத் திரும்பியது. கியர் ஏறுவதும் இறங்குவதும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. அவர் முதலில் வண்டியின் சத்தங்களை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஏரிக்கரை முடியும் இடத்தில் அவள் வண்டியை ஓரம் கட்டினாள். அவர் பையைப் பிரித்துப் பார்த்தார். காலியாக இருந்தது.

"எனக்கு ஏன் குமட்டவே இல்லை?"

"நான் ஓட்டுறேன்ல."

"அன்னிக்கும் நீதானே ஓட்டினே!"

"அன்னிக்கு எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன்."

அவர் பையை மறுபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு இன்ஸ்பெக்டராகிவிட்டார். "பின்னாடி டக்டக்குன்னு ஒரு சத்தம் வருது. எண்ணெய் வாசனை அடிக்குது. உன் கால் இப்பவே நோகுது. இது நடுரோட்டுல நிக்கும். நிக்கத்தான் போகுது. இதை வாங்கறது தப்பு. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியதுபோலத் தெரிந்தது. பிறகு வேகமாகச் சொன்னாள்: "இருபது வருஷமா அடுத்தவங்க தப்பு பண்றதுக்குள்ள நான் பிரேக் போட்டுட்டிருக்கேங்க. ஒருத்தரையும் தப்பு பண்ண விட்டதில்ல. வீட்டுலயும் அப்படித்தான். எனக்கும் ஒரு தப்பு பண்ணணும்போல இருக்கு. பெருசா ஒண்ணும் இல்ல. இந்த அளவுக்கு ஒண்ணு."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு பேச்சு அவள் வாயிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. கதவின் உள்பக்கத்தை விரலால் இரண்டு தட்டு தட்டினார். லிஃப்டில் ஏறினாலும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்.

"அப்ப மெக்கானிக் சொன்ன அந்த ரப்பரையாவது முதல்ல மாத்திடு" என்றார்.

வெள்ளைக் கார் மைத்துனிக்கு அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லியாயிற்று. சாவியை வாங்கப் போனபோது கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி இடுப்புக்கு ஒரு குழந்தையாக வாசலில் நின்று, "நல்லா இருங்க மிஸ்" என்று வாழ்த்தினாள். கடைக்காரர் மட்டும் கார் தெருமுனையில் திரும்பும்வரை அங்கேயே நின்றார். "ஒரு தடவை இங்கேயும் திரும்பிப் பார்த்துட்டுப் போங்க" என்றார். அவளிடம் சொன்னாரா காரிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

கணவர் சொன்னதுதான் நடந்தது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சுற்றுச்சாலையில், நல்ல மழையில், வாட்டர் பம்ப் போய்விட்டது. பானட்டிலிருந்து ஆவி எழும்ப, அவள் குடையோடு சாலையோரம் நின்றாள். ஸ்கூலில் மூன்று பேர் வகுப்புக்குக் காத்திருந்தார்கள். கணவர் தன் காரில் வந்தார். "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஸ்கூல்வரை பேசாமல் ஓட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

பம்ப் வரத் தாமதமாயிற்று. மறுபடியும் பஸ், மறுபடியும் லாரிப் பொட்டல். விற்றுவிடுவது என்ற முடிவுக்கே வந்துவிட்டாள். சொல்லியனுப்பியதில் ஓர் இளைஞன் பார்க்க வந்தான். மெக்கானிக் ஷெட்டில் நின்றிருந்த காரைச் சுற்றிச் சுற்றி வந்து கண் மின்னப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். கசிவு, துரு, சூடு, கிளட்ச், காலில் வரும் நோவு, மழையில் நின்றது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. யோசிச்சுட்டு வரேன் ஆன்ட்டி என்று போனவன் வரவே இல்லை.

கூட வந்திருந்த மகள் இடுப்பில் கை வைத்தாள். "அம்மா, நீ விக்க வந்தியா, துரத்த வந்தியா?"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"அதை வாங்கும்போது உனக்கு நீயே சொல்லியிருக்கலாம்."

"எனக்குச் சொன்னாங்களே. நான்தான் கேக்கல."

பம்ப் வந்தது. வண்டி மறுபடி ஓடியது. அதன்பிறகு ஒருமுறை பேட்டரி, ஒருமுறை ஜன்னல் கண்ணாடி இறங்கி ஏறாமல் போனது. அவள் வாழ்க்கையில் நிம்மதி வந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. காலையில் சாவியைத் திருப்பும்போது கிளம்புமா கிளம்பாதா என்று மனம் அடித்துக்கொள்ளும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அந்தச் சூட்டு முள்ளைப் பார்த்தபடி விரலால் ஸ்டீயரிங்கில் தாளம் போடுவாள். ஆனால் வகுப்பில் ஒரு மாறுதல் இருந்தது. மைதானத்தில், இடிக்க ஒன்றுமில்லாத இடத்தில், மாணவர் தப்பாகத் திருப்பினால் இப்போதெல்லாம் அவள் கொஞ்சம் விட்டுப் பார்க்கிறாள். வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நிற்கும். "எங்க போச்சு பார்த்தீங்களா? நீங்களே திருப்பிக் கொண்டுவாங்க" என்பாள். சிலர் பயப்படுகிறார்கள். பலர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். முதலாளிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

சுற்றுச்சாலைப் பக்கம் ஏதாவது கட்டடத்தில் வேலை இருக்கும் நாட்களில் கணவர் தன் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு அவளோடு வருகிறார். பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்வதில்லை. மடியில் அறிக்கையை விரித்து வைத்துப் படித்துக்கொண்டே வருவார். இறங்கும் இடம் வந்தால் டார்ச்சை எடுத்து, ஹெல்மெட்டை எடுத்து, கருவிப்பையைத் தோளில் மாட்டி, வேறு எதையாவது மறந்தோமா என்று இருக்கைக்கு அடியில் பார்ப்பார்.

"இறங்குங்க, நேரமாச்சு" என்பாள் அவள், கியரில் கை வைத்தபடி.

"இரு, கதவு சரியா சாத்திக்கல" என்று இறங்கி நின்ற அவர் குனிந்து இன்னொரு தடவை தள்ளுவதற்குள் கார் நகர ஆரம்பித்திருக்கும்.